பசி தெரிந்தும் உண்ணாத மூளை

அனோரெக்சியா நெர்வோசா என்ற நோய்க்குப் பெயர் வைத்தபோதே ஒரு பிழை நேர்ந்துவிட்டது. கிரேக்க மூலத்தின்படி அனோரெக்சியா என்றால் பசியின்மை. ‘நெர்வோசா’ என்ற ஒட்டு நரம்பைக் குறிப்பது. ஆக, நரம்புக் கோளாறால் வரும் பசியின்மை என்று பெயர் சொல்கிறது. உண்மையில் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பசிக்கிறது. கனவில் சாப்பாடு வருகிறது. சமையல் குறிப்புகளைத் தேடித் தேடிப் படிக்கிறார்கள். வீட்டிலுள்ளவர்களுக்கு விதவிதமாகச் சமைத்தும் போடுகிறார்கள். தங்கள் தட்டில் மட்டும் கை வைப்பதில்லை. எலும்பும் தோலுமான பிறகும் உடம்பு பெருத்திருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது. எடை இம்மியளவு கூடினாலும் நடுங்கிப்போகிறார்கள். பசி இருக்கிறது, சோறும் இருக்கிறது, நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. அது எங்கே என்று மூளைக்குள் தேடும் ஆய்வு கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் வேகம் பிடித்திருக்கிறது.

உண்ணல் கோளாறுகள் என்ற பொதுப் பெயரின் கீழ் வேறு நோய்களும் உண்டு. புலிமியா நெர்வோசா உள்ளவர்கள் கட்டுமீறி அள்ளி அள்ளித் தின்றுவிட்டு, எடை ஏறிவிடும் என்ற அச்சத்தில் அதை வெளியேற்றப் பார்ப்பார்கள். லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் 1979இல் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். வெளியேற்றும் முயற்சி இல்லாமல் கட்டுமீறி உண்பது மட்டும் இருந்தால் அது மிகையுண்ணல் கோளாறு. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959இலேயே இதை விவரித்துவிட்டார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் தனி நோயாக இடம்பிடிக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவற்றில் உயிருக்கு மிக ஆபத்தானது அனோரெக்சியாதான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த கணக்கின்படி, இந்நோய் உள்ள 1,000 பேரில் ஆண்டுக்கு ஐவர் இறக்கிறார்கள். அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை. மனநோய்களிலேயே மிக அதிகமான இறப்பு விகிதங்களுள் இது ஒன்று.

இவ்வளவு கொடிய நோயின் மூளைப் பின்னணியைத் தேடுவதில் ஏன் இத்தனை தாமதம்? மருத்துவம் நெடுங்காலம் வேறு இடங்களில் தேடிக்கொண்டிருந்தது என்பதுதான் பதில். ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689இல், காசநோயோ காய்ச்சலோ இல்லாமல் உருக்குலைந்த இருவரைப் பற்றி எழுதினார். ஒருத்தி 18 வயதுப் பெண், மற்றவன் 16 வயதுப் பையன். முதல் பதிவிலேயே ஓர் ஆண் இருந்தும், பெண்களுக்கு மட்டுமே வருவது என்ற எண்ணம் பின்னாளில் இந்நோயோடு ஒட்டிக்கொண்டது வியப்புக்குரியது. 1873இல் பாரிஸில் ஷார்ல் லாசேக், லண்டனில் வில்லியம் கல் என இருவர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நோயை முறையாக விவரித்தார்கள். இன்று வழங்கும் பெயர் கல் சூட்டியது. ஹாம்பர்க் நகரின் மோரிஸ் சிம்மண்ட்ஸ், பிட்யூட்டரி சுரப்பி அழிந்தால் உடல் மெலியும் என்று 1914இல் காட்டியதும், மெலிந்து வந்த பெண்களுக்கெல்லாம் சுரப்பிக் கோளாறு என்றே சில பத்தாண்டுகள் முடிவு கட்டினார்கள். அந்தத் தவறு தெரிந்தபின் பழி குடும்பத்தின் மேல், குறிப்பாகத் தாயின் மேல், விழுந்தது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே கரைவதைப் பார்த்துத் தவித்த தாய்மார்கள், அதற்குக் காரணமும் தாங்கள்தான் என்று மருத்துவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தின் எழுத்துகளுக்குள்ளும் ஒரு கூர்மையான கவனிப்பு கிடைக்கிறது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹில்டே ப்ரூக், தன் நோயாளிகள் உடம்பின் உட்குறிப்புகளைச் சரியாகப் படிக்கத் தெரியாதவர்களாக இருப்பதை 1962இல் எழுதினார். பசி, நிறைவு, களைப்பு, ஏன் உணர்ச்சிகளைக்கூட இன்னது என்று பிரித்துச் சொல்ல அவர்கள் திணறினார்கள். இதை அளந்து பார்க்கும் கருவி அப்போது கிடையாது.

பசி பற்றிய மூளை அறிவு இதற்கிடையில் தனித் தடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. மூளையின் அடிப்பகுதியில், பாதாம் பருப்பளவில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உள்ளது. அதன் நடுப்பகுதியைச் சேதப்படுத்தினால் எலிகள் தின்று கொழுக்கின்றன என்று 1940இல் ஹெதரிங்டனும் ரேன்சனும் கண்டார்கள். 1951இல் இந்தியாவின் பி.கே. ஆனந்த், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ப்ரோபெக்குடன் செய்த சோதனை இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியை அழித்தால், உணவு கண்ணெதிரே குவிந்து கிடந்தாலும் விலங்குகள் உண்ணாமல் கிடந்தே மடிந்தன. ஆனந்த் பின்னர் டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் உடலியல் துறையைக் கட்டியெழுப்பியவர். 1994இல் கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், 1999இல் காலி வயிறு சுரக்கும் க்ரெலின் என்று இரண்டு தூதர்கள் அடையாளம் காணப்பட்டார்கள். உடம்பில் சேமிப்பு எவ்வளவு என்று லெப்டின் சொல்லும். சாப்பாட்டு வேளை வந்துவிட்டது என்று க்ரெலின் சொல்லும்.

அனோரெக்சியா நோயாளிகளின் ரத்தத்தில் இவற்றை அளந்தபோது கிடைத்த விடை எதிர்பாராதது. லெப்டின் அடிமட்டத்தில், க்ரெலின் உச்சத்தில். பட்டினி கிடக்கும் எந்த உடம்பிலும் இப்படித்தான் இருக்கும். வயிறும் கொழுப்பும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்து, உணவு வேண்டும் என்று ஓங்கிக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. குரல் போய்ச் சேர்ந்தபின் மூளை அதை என்ன செய்கிறது என்பதே தேட வேண்டிய இடம்.

இங்கே ஆய்வாளர்கள் ஒரு பெரிய சிக்கலில் மாட்டினார்கள். பட்டினி, தானே மூளையை மாற்றக்கூடியது. இதைக் காட்டியது மனநோயோடு தொடர்பே இல்லாத ஒரு போர்க்கால ஆராய்ச்சி. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஐரோப்பாவில் பட்டினியால் வாடியவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அரைவயிற்று உணவு தரப்பட, உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கு கரைந்தது. மெலிந்ததைவிட, அவர்களுடைய நடத்தை மாறியதுதான் கீஸை வியக்க வைத்தது. பேச்செல்லாம் சாப்பாடு. சமையலறைப் பக்கமே போகாத ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் பிசைந்தும், தண்ணீர் ஊற்றிப் பெருக்கியும் உண்டார்கள், தட்டை நக்கினார்கள். நண்பர்களை ஒதுக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்தார்கள். ஒருவர் கோடரியால் தன் கைவிரல்களையே வெட்டிக்கொண்டார். உணவுக் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலரால் வயிறு புடைக்கத் தின்பதை நிறுத்த முடியவில்லை. கீஸும் சகாக்களும் இவற்றை 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

அனோரெக்சியாவின் அடையாளம் என்று மருத்துவர்கள் குறித்துவைத்திருந்த பல நடத்தைகள் இந்த ஆரோக்கியமான ஆண்களிடமும் தலைகாட்டின. அப்படியானால் நோயாளியின் மூளைப் படத்தில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது நோயின் வேரா, பட்டினி விட்ட தழும்பா? இந்தத் துறையில் எந்தக் கண்டுபிடிப்பைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மின்னசோட்டா இளைஞர்களுக்கும் நோயாளிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடும் உண்டு. உணவு கிடைத்ததும் அந்த இளைஞர்கள் உண்டார்கள். நோயாளிகளோ உணவு கிடைக்கக் கிடைக்க அஞ்சுகிறார்கள். வேர் இருக்குமானால் அந்த அச்சத்தின் பக்கம்தான் இருக்க வேண்டும்.

பட்டினியின் தழும்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இன்று தெளிவான அளவு உண்டு. 22 மையங்கள் சேர்ந்து 685 பெண் நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களை 963 நலமான பெண்களின் படங்களோடு ஒப்பிட்டு 2022இல் முடிவுகளை வெளியிட்டன. நோயாளிகளின் மூளைப் புறணி பரவலாக மெலிந்திருந்தது. மனச்சோர்வு போன்ற பிற மனநோய்களில் காணப்படும் குறைவைவிட இது இரண்டு முதல் நான்கு மடங்கு பெரியது. ஆறுதலான செய்தியும் அதே ஆய்வில் இருந்தது. எடை ஓரளவு மீண்டவர்களிடம் குறைவு அவ்வளவாக இல்லை. உடம்பில் சதை திரும்புவதுபோல மூளையிலும் பெரும்பகுதி திரும்புகிறது என்பதற்கு இது வலுவான சான்று. முதல் மருந்து சோறுதான் என்று அனுபவமுள்ள மருத்துவர்கள் சொல்லிவந்ததற்கு இப்போது படமே துணை நிற்கிறது. ஆனால் நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக ஊட்டவும் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று சரிந்து இதயமே நின்றுவிடலாம். ஆகவே கடுமையாக மெலிந்தவர்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் உணவூட்டல் தொடங்கும்.

தழும்பை ஒதுக்கி வேரைப் பார்க்க ஒரு வழி, நோயிலிருந்து மீண்டு எடை சீராகி நெடுங்காலம் ஆனவர்களை ஆராய்வது. சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கேயின் குழு இந்த வழியில் பல ஆண்டுகள் நடந்தது. மீண்டவர்களின் நாவில் சர்க்கரைக் கரைசலை விட்டபோது, அவர்களின் இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிட மந்தமாக வினைபுரிந்தது. இன்சுலா மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருப்பது. நாவின் சுவை முதல் நெஞ்சின் படபடப்புவரை உடம்பின் உட்செய்திகள் வந்து கூடும் சந்திப்பு அது. உட்குறிப்புகளைப் படிக்கத் தெரியவில்லை என்று ப்ரூக் அன்று எழுதியதற்கு மூளையில் ஒரு முகவரி கிடைத்தது.

அதே குழு இன்னொரு புதிரையும் தொட்டது. பட்டினி கிடந்தால் எல்லோருக்கும் எரிச்சல் வரும். இவர்களில் பலருக்கோ மனம் அமைதியாகிறது. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள், உணவிலிருந்து வரும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் உருவாகிறது. உண்ணாவிட்டால் டிரிப்டோஃபேன் குறையும், செரட்டோனினும் குறையும். ஒருநாள் மட்டும் டிரிப்டோஃபேன் அளவைச் செயற்கையாகக் குறைத்துப் பார்த்தபோது, நோயாளிகளுக்கும் நோயிலிருந்து மீண்டவர்களுக்கும் பதற்றம் தணிந்தது. டோபமைன் தொடர்பான சோதனையின் முடிவு இதைவிட வினோதம். ஆம்ஃபெட்டமின் மருந்தால் டோபமைனைப் பெருகச் செய்தபோது, மற்றவர்களுக்கு அது உற்சாகத்தோடு சேர்ந்து வந்தது. மீண்ட நோயாளிகளுக்குப் பதற்றத்தோடு சேர்ந்து வந்தது. நல்ல சாப்பாடு டோபமைனைச் சுரக்கச் செய்யும். ஊரே ருசி என்று கொண்டாடும் ஒன்று இவர்களுக்கு உள்ளுக்குள் அபாயமணியாக ஒலிக்கக்கூடும் என்று கேயின் குழு இதிலிருந்து ஊகித்தது. பிறவியிலேயே பதற்றம் மிகுந்த ஒரு சிறுமி, ஏதோ காரணத்தால் சில நாள் உணவைக் குறைக்கிறாள். அதுவரை அறியாத ஓர் அமைதி கிடைக்கிறது. உண்ணத் தொடங்கினால் பதற்றம் திரும்புகிறது. பொறியின் கதவு மூடிக்கொள்ள இவ்வளவு போதும்.

டோபமைனின் இன்னொரு வேலை பாடம் கற்பிப்பது. தினமும் வரும் மாலைக் காபியில் ஒருநாள் சர்க்கரை தூக்கலாக இருந்தால் முதல் வாயிலேயே நாக்கு நின்று கவனிக்கும். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள அந்த வித்தியாசத்தை டோபமைன் நரம்பணுக்கள் கணக்கு வைத்து, அடுத்த முறைக்கான எதிர்பார்ப்பைத் திருத்துகின்றன. கய்டோ ஃபிராங்க் என்ற ஆய்வாளர் இதை ஸ்கேன் கருவிக்குள் சோதித்தார். திரையில் ஓர் உருவம் தோன்றினால் வாயில் இனிப்புக் கரைசல் விழும் என்று பழக்கினார். பிறகு எதிர்பார்க்கும்போது தராமலும், எதிர்பாராதபோது தந்தும் பார்த்தார். உடற்பருமன் உள்ளவர்களிடம் இந்த வியப்புச் சமிக்ஞை தணிந்திருந்தது. அனோரெக்சியா உள்ளவர்களிடம் ஓங்கியிருந்தது. பல வகை உண்ணல் கோளாறுகள் உள்ள 197 பெண்களை வைத்து 2021இல் வெளியான இவருடைய பெரிய ஆய்விலும் எடை குறையக் குறையச் சமிக்ஞை கூடியது. அதில் இன்னொன்றும் தெரிந்தது. பசியை ஆளும் ஹைப்போதலாமஸுக்கும் வெகுமதியைக் கணிக்கும் ஸ்ட்ரையேட்டம் பகுதிக்கும் இடையே செய்தி ஓடும் திசை, நலமானவர்களிடம் இருப்பதற்கு நேரெதிராக, நோயாளிகளிடம் ஸ்ட்ரையேட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஓடுவதாக இருந்தது. பசியின் குரலை மேலிருந்து அமுக்கும் வழி இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதிலும் பட்டினியின் பங்கு எவ்வளவு என்ற பழைய கேள்வி நிற்கிறது. குறைந்த எடையே சமிக்ஞையைக் கூட்டியிருக்கலாம். கூடிய சமிக்ஞை நோயை மேலும் இறுக்கியிருக்கலாம்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திமோத்தி வால்ஷ் வேறு கோணத்தில் பார்த்தார். எடை குறைந்ததும் பாராட்டு கிடைக்கிறது, பெருமிதம் வருகிறது. தொடக்கத்தில் உணவைக் குறைப்பதற்கு ஒரு பலன் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பலன் வற்றிவிடுகிறது, செயல் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் யோசிப்பவரின் கை, யோசனைக்குக் காத்திராமல் எப்போதோ பூட்டியிருக்கும். அதுபோல உணவை மறுப்பதும் பழக்கத்தின் வசம் போய்விடுகிறது என்றார் வால்ஷ். இதைச் சோதிக்க கரின் ஃபோர்டே, ஜோவன்னா ஸ்டைங்கிளாஸ் முதலியோர் 21 நோயாளிகளையும் 21 நலமானவர்களையும் ஸ்கேனுக்குள் வைத்து, பல உணவுகளின் படங்களைக் காட்டினார்கள். முதலில் ஒவ்வொன்றும் எவ்வளவு ருசி, எவ்வளவு சத்து என்று மதிப்பெண் போட வேண்டும். பிறகு, ருசியிலும் சத்திலும் நடுத்தரமான ஓர் உணவை ஒருபக்கம் வைத்து, அதுவா இதுவா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பேச்சளவில் நிற்காமல், தேர்ந்தெடுத்தவற்றில் ஒன்றைக் கடைசியில் உண்ணவும் தருவார்கள். எதிர்பார்த்தபடியே நோயாளிகள் கொழுப்பு மிகுந்தவற்றைத் தவிர்த்தார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும் கணத்தில் அவர்களின் ஸ்ட்ரையேட்டத்தின் மேற்பகுதி மற்றவர்களைவிட அதிகம் இயங்கியது. பழகிப்போன செயல்களை ஆள்வது அந்தப் பகுதி. அது மூளையின் முன்பகுதியோடு எந்த அளவு பிணைந்து இயங்கியது என்பதற்கும், மறுநாள் அந்த நோயாளி எவ்வளவு சாப்பிட்டார் என்பதற்கும் தொடர்பு இருந்தது. 2015இல் வெளிவந்த இந்த ஆய்வு, ஸ்கேனில் தெரிந்ததைச் சாப்பாட்டு மேசையோடு சேர்த்துக் காட்டியது. படம் பிடிப்பதோடு நின்றுவிடும் ஆய்வுகள் நிறைந்த துறையில் இது அரிது.

சிகிச்சைக்கும் இதிலிருந்து ஒரு வழி பிறந்தது. மறுப்பு ஒரு பழக்கமானால், எடுத்துச் சொல்லிப் புரியவைப்பதைவிடப் பழக்கத்தைத் தூண்டும் குறிப்புகளைக் கலைப்பதே மேல். அதே இடம், அதே தட்டு, அதே வேளை, உணவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கும் அதே வழக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு மாற்றும் பயிற்சியை ஸ்டைங்கிளாஸ் குழு உருவாக்கிச் சிறிய அளவில் சோதித்தது. முதல் முடிவுகள் நம்பிக்கை தந்தன.

புலிமியாவின் மூளைக் கதை சற்று வேறு. திடீரென எழும் உந்துதலை அடக்கும் முன்மூளை–ஸ்ட்ரையேட்டம் சுற்று, புலிமியா உள்ள பெண்களிடம் போதிய அளவு இயங்கவில்லை என்று ரேச்சல் மார்ஷ் குழு 2009இல் காட்டியது. வயிற்றின் பங்கும் இதில் பெரியது. வயிறு நிறைந்ததைக் குடல் மூளைக்குச் சொல்லும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன், புலிமியா நோயாளிகளிடம் உணவுக்குப் பின் குறைவாகவே சுரக்கிறது என்று 1988இலேயே தெரிந்தது. போதும் என்ற சொல் மேலே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. 2000இல், வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் மருந்து, வயிற்றை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாக இந்நோயைத் தணிக்கிறதா என்று மின்னசோட்டாவில் சோதித்ததில், மிகையுண்ணலும் வாந்தியும் குறைந்தன.

பிறவிக் கூறு எவ்வளவு? இரட்டையர் ஆய்வுகள் அனோரெக்சியாவில் பாதிக்கும் சற்று மேலான பங்கு மரபு வழி என்கின்றன. சிந்தியா புலிக் தலைமையில் 17 நாடுகளிலிருந்து 16,992 நோயாளிகளின் மரபணுக்களைத் திரட்டி, 2019இல் எட்டு இடங்களை அடையாளம் கண்டார்கள். மனச்சோர்வு, எண்ணச் சுழற்சி நோய் ஆகியவற்றோடு மரபுத் தொடர்பு இருப்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, இன்சுலின், கொழுப்பு, உடல் எடை ஆகியவற்றை ஆளும் மரபுக் கூறுகளோடும் தொடர்பு இருந்தது. ஆகவே இது மூளையிலும் வளர்சிதை மாற்றத்திலும் ஒருங்கே வேர்கொண்ட நோய் என்று பார்க்க வேண்டும் என்பது புலிக் குழுவின் வாதம். உடல் இயக்கம் அதிகமாக இருக்கும் இயல்போடும் மரபுத் தொடர்பு தெரிந்தது. இதற்கு எலிகளிடம் ஒரு பழைய முன்னோடி உண்டு. உணவு நேரத்தைச் சுருக்கி, ஓடும் சக்கரத்தையும் கூண்டில் வைத்தால் எலிகள் உண்பதைவிட்டு ஓடி ஓடியே மெலிகின்றன என்று 1967இல் கண்டறிந்தார்கள். அந்த எலிகளுக்கு லெப்டின் கொடுத்தால் ஓட்டம் தணிகிறது. 2020இல் மூன்று நோயாளிகளுக்குச் செயற்கை லெப்டின் சில நாள் கொடுத்தபோது மனநிலை விரைவில் தெளிந்ததாக ஐரோப்பிய மருத்துவர்கள் எழுதியது இந்தத் தடத்தில்தான். மூன்று பேர் என்பது ஒரு குறிப்புக்குப் போதும், ஒரு முடிவுக்குப் போதாது.

மருந்துகளின் கணக்கு இதுவரை ஏமாற்றமே. புலிமியாவுக்கு ஃப்ளுவாக்ஸெட்டினை அமெரிக்க அரசு 1996இல் அனுமதித்தது. மிகையுண்ணலுக்கு லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் 2015இல் வந்தது. அனோரெக்சியாவுக்கென அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. எடை மீண்ட 93 பேருக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் கொடுத்துப் பார்த்த சோதனையில், வெற்று மாத்திரையைவிட அது நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை என்று 2006இல் தெரிந்தது. ஒலான்ஸபின் மருந்தை 152 பேரிடம் சோதித்தபோது எடை சிறிதளவு ஏறியது, அச்சமும் எண்ணங்களும் மாறவில்லை.

பலன் தந்தது மருந்துச் சீட்டில் அடங்காத ஒரு முறை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ரஸ்ஸலும் சகாக்களும் 1980களில் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிச் சிகிச்சையின் நடுவில் உட்கார வைத்தார்கள். வளரிளம் பருவத்தினருக்கு எப்போது, எவ்வளவு உணவு என்பதைச் சில மாதங்கள் பெற்றோரே தீர்மானித்து, கூடவே உட்கார்ந்து உண்ண வைக்கிறார்கள். எடை மீள மீளப் பொறுப்பு பிள்ளையிடம் திரும்புகிறது. அமெரிக்காவில் 121 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் குடும்பவழிச் சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம் முழுமையாகத் தேறியிருந்தார்கள். தனிநபர் சிகிச்சையில் 23 சதவீதம். மூளை அறிவியல் இந்த முறையை உருவாக்கவில்லை. ஆனால் முடிவெடுக்கும் இயந்திரமே பட்டினியால் பழுதாகியிருக்கும்போது முடிவைப் பிறர் தற்காலிகமாக எடுப்பது ஏன் பலிக்கிறது என்பதை அது விளக்குகிறது. ‘பிடிவாதம், செல்லம் கொடுத்ததால் வந்த வினை’ என்று சுற்றம் பேசும்போது பெற்றோருக்கு இந்த விளக்கமே பாதி பலம்.

பெரியவர்களாகி, பத்து இருபது ஆண்டுகள் நோயோடு வாழ்பவர்களுக்கு இது போதாது. அவர்களுக்காகத்தான் மூளையையே நேரடியாகத் தொடும் முயற்சிகள். டொரண்டோவில் அந்திரேஸ் லொசானோ குழு, உணர்ச்சிகளை ஆளும் சுற்றின் ஒரு புள்ளியில் மின்முனையைப் பொருத்தி 16 பெண்களை ஓராண்டு கவனித்து 2017இல் எழுதியது. சராசரியாக 18 ஆண்டுகள் நோயோடு கழித்தவர்கள் அவர்கள். எடை ஏறுவதற்கு முன்பே பலருக்குப் பதற்றமும் சோர்வும் தணிந்தன. மனம் இளகியபின் உணவு உள்ளே போயிற்று என்ற இந்த வரிசை முக்கியமானது. இருவர் கருவியை எடுத்துவிடவோ நிறுத்திவிடவோ கேட்டுக்கொண்டதும் அதே அறிக்கையில் உள்ளது. மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளால் முன்மூளையைத் தூண்டும் முறையை லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உல்ரிக்கே ஷ்மிட் குழு 34 பேரிடம் சோதித்தது. எடையைவிட மனநிலையில்தான் முன்னேற்றம் தெரிந்தது. பென்சில்வேனியாவில் கேசி ஹால்பெர்ன், வலிப்பு நோய்க்கென உருவான கருவி ஒன்றைக் கட்டுப்பாடின்றி உண்ணும் இருவரின் மூளையில் பொருத்தினார். கட்டுமீறும் ஆசை எழும் கணத்துக்குரிய மின்னலையைக் கருவி தானே கண்டுகொண்டு ஒரு துடிப்பை அனுப்பி அதைக் கலைக்கும். 2022இல் வெளியான ஆறு மாதப் பதிவில் இருவருக்கும் அந்தத் தருணங்கள் குறைந்தன. சைலோசிபின் என்ற காளான் வேதிப்பொருளைப் பத்துப் பெண்களுக்கு ஒருமுறை கொடுத்துப் பாதுகாப்பைப் பார்த்த சோதனை 2023இல் வந்தது. எல்லாமே சிறு எண்ணிக்கைகள். ஒப்பிட ஆளில்லாத சோதனைகளும் உண்டு. செய்தித்தாள் தலைப்புகள் இவற்றைச் சிகிச்சை என்றே எழுதிவிடுகின்றன.

ஆய்வுக்கு உட்பட்டவர்கள் யார் என்பதும் கவனிக்கத் தக்கது. மூளைப் படங்களும் மரபணுக்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களுடையவை. ஹாங்காங்கில் சிங் லீ 1993இல் விவரித்த 70 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பருத்துவிடுவோம் என்ற அச்சமே இல்லை. வயிறு உப்புகிறது, உணவு இறங்கவில்லை என்றார்கள். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வந்தவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரையிலும், உண்ணல் கோளாறுகளில் மிகுந்திருந்தது மனக்காரணத்தால் வரும் வாந்தி. இத்தகைய பிள்ளைகளை வீட்டார் முதலில் வயிற்று மருத்துவரிடமே கூட்டிப்போவார்கள். கண்ணாடியைப் பார்த்து அஞ்சும் மூளையும், வயிற்றின் கனத்தைத் தாங்காத மூளையும் ஒரே சுற்றில் பழுதுபட்டவையா என்பதை இந்தப் பிள்ளைகளை ஸ்கேனில் பார்க்காமல் சொல்ல முடியாது.

வேரையும் தழும்பையும் பிரிக்க உறுதியான வழி ஒன்றே உள்ளது: நோய் வருமுன்பே படம் எடுத்து வைத்துக் காத்திருப்பது. லண்டன், டப்ளின், பெர்லின், பாரிஸ் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நகரங்களில் ஏறத்தாழ 2,000 பேரை 14 வயதில் ஸ்கேன் செய்து ஒரு திட்டம் பின்தொடர்கிறது. அமெரிக்காவின் 21 மையங்களில் 2016 முதல் சேர்க்கப்பட்ட, அப்போது ஒன்பது, பத்து வயதாக இருந்த ஏறக்குறைய 11,900 குழந்தைகளை இன்னொரு திட்டம் தொடர்கிறது. உண்ணல் கோளாறுக்கென்று தொடங்கப்பட்டவை அல்ல இவை. வளரும் மூளையைப் பொதுவாகப் பதிவு செய்பவை. அந்த அமெரிக்கக் குழந்தைகள் இப்போது பதின்பருவத்தைக் கடந்துகொண்டிருக்கிறார்கள், அனோரெக்சியா பெரும்பாலும் தொடங்கும் வயதை. அவர்களில் சிலர் தட்டை ஒதுக்கத் தொடங்கும்போது, அதற்கு முந்தைய ஆண்டுகளின் மூளைப் படங்கள் கைவசம் இருக்கும்.